183 நாள் கணக்கும் எங்கள் ஊர் வேலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமங்களில் விவசாய வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். தட்டுப்பாடு மெய்தான். எங்கள் ஊரில் களையெடுக்க ஐந்து பேரைச் சேர்க்க வேண்டுமானால் நிலத்துக்காரர் இரண்டு நாள் முன்னதாகவே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. ஆனால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிராமத்தில் பாதிக்கு மேற்பட்டோர் எந்தத் தொழிலும் செய்யாதவர்கள் என்றும், ஆகவே குறைவது ஆள் அல்ல, உழைக்கும் மனமே என்றும் அச்செய்தியில் ஒருவர் கருத்துத் தெரிவித்திருந்தார். அந்தக் கணக்கை எடுத்த கைகளில் என்னுடையதும் ஒன்று என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்தில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 1991-இல், எங்கள் பகுதி இன்னும் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தபோது, முதன்முறையாகக் கணக்கெடுப்பாளராகப் போனேன். 2001-இல் மறுபடியும் அதே பணி, 2011-இல் மேற்பார்வையாளர். மூன்று முறையும் கையேட்டைப் படித்தேன், மூன்று முறையும் பயிற்சிக்குப் போனேன். தொழில் பற்றிய கேள்வி எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதையும், அது திண்ணையில் கேட்கப்படும்போது எவ்வளவு மொட்டையாகிவிடுகிறது என்பதையும் நேரில் பார்த்தவன் நான்.

விதி இதுதான். கணக்கெடுப்புக்கு முந்தைய ஓராண்டில் ஒருவர் ஆறு மாதம், அதாவது 183 நாள், அல்லது அதற்கு மேல் வேலை செய்திருந்தால் அவர் முதன்மைத் தொழிலாளர். அதற்குக் குறைவாக வேலை செய்தவரைப் பயிற்சியில் எங்களுக்கு ‘மார்ஜினல் ஒர்க்கர்’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். தமிழில் குறுகிய காலத் தொழிலாளர் என்று வைத்துக்கொள்ளலாம். 1981 முதல் இந்தப் பிரிவினை நடைமுறையில் இருக்கிறது. 2011-இல் இந்தக் குறுகிய காலத்தையும் மூன்று மாதத்துக்கு மேற்பட்டது, மூன்று மாதத்துக்குக் குறைந்தது என்று இரண்டாகப் பிரித்தார்கள். வேலை என்றால் கூலி வாங்கிச் செய்வது மட்டுமல்ல. சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்வதும் வேலைதான் என்று 1991-இல் கேள்வியிலேயே சேர்க்கப்பட்டது. 2011-க்கான விளக்கத்தில், வீட்டுத் தேவைக்காக மட்டும் மாடு வைத்துப் பால் கறப்பதும் வேலையாகவே கொள்ளப்பட்டது. சமையல், தண்ணீர் எடுத்தல், பிள்ளை வளர்ப்பு போன்ற வீட்டு வேலைகள் வெளியே நின்றன. இந்த விதியைச் சரியாகப் பின்பற்றியிருந்தால் எங்கள் ஊரில் வேலை செய்யாத பெண் என்று எழுத, பள்ளிப் பிள்ளைகளையும் படுக்கையில் கிடப்பவர்களையும் தவிர, மிகச் சிலரே கிடைத்திருப்பார்கள்.

எங்கள் ஊர் ஆயிரம் பேருக்கும் குறைந்த ஊர். ஏரிப் பாசனம் கொஞ்சம், கிணற்றுப் பாசனம் கொஞ்சம், மீதி மானாவாரி. நெல், மல்லாட்டை (நிலக்கடலை), கரும்பு, அங்கங்கே சவுக்கு. அரை ஏக்கர் நிலமும் ஒரு கறவை மாடும் உள்ள, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் ஓராண்டை அண்மையில் அவரோடு உட்கார்ந்து நாள் கணக்காக எழுதிப் பார்த்தேன். ஆடியில் மல்லாட்டை விதைப்பு, அதன் பின் இரண்டு களை, புரட்டாசி ஐப்பசியில் பிடுங்கிக் காய் ஆய்வது; இதில் சொந்த நிலம் பத்து நாள், அடுத்தவர் நிலம் முப்பது நாள். காய் ஆய்வதற்குப் பல இடங்களில் இன்றும் பணம் இல்லை. ஆய்ந்த காயில் ஒரு பங்கு கூலி. சம்பா நடவில் பன்னிரண்டு நாள், நெல்லுக்குக் களை பதினைந்து நாள். கரும்புத் தோட்டத்தில் தோகை உரிப்பு பத்து நாள். கோடையில் நூறு நாள் வேலை. அது நூறு நாள் என்று பெயர் பெற்றிருந்தாலும், அந்த நூறு நாளும் ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. அவரும் அவர் மருமகளும் பங்கிட்டுக்கொண்டதில் இவருக்குக் கிடைத்தது நாற்பது நாளுக்கும் குறைவு. எல்லாவற்றையும் கூட்டினால் 115 நாள் வருகிறது. கணக்கெடுப்பின் கண்ணில் இவர் முதன்மைத் தொழிலாளர் அல்லர்.

ஆனால் மாடு 365 நாளும் தின்கிறது. விடியற்காலை நாலரைக்குச் சாணம் அள்ளி, பால் கறந்து, சங்கத்துக்கு ஊற்றிவிட்டு வந்து, பகலில் வரப்பில் புல் அறுத்து, மாலையில் மீண்டும் கறக்கிறார். விதியின்படி இது வேலை. இதைச் சேர்த்தால் 183 நாள் என்ற கோட்டை அவர் ஆடி மாதம் தொடங்குவதற்கு முன்பே தாண்டிவிடுகிறார். இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். “மாட்டப் பாக்கறது ஒரு வேலையா வாத்தியாரே?” என்று கேட்டார். கணக்கு பிசகும் இடம் அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது.

நான் பிசகியதும் அங்கேதான். 1991 பிப்ரவரியில் எனக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் எங்கள் தெருவும் அடங்கியது. எங்கள் வீட்டு விவரத்தை என் தந்தையாரிடம் கேட்டு எழுதினேன். தாயாரைப் பற்றிக் கேட்டபோது, “அவ வீட்டோடதான் இருக்கா, எழுதிக்க” என்றார். நானும் தொழில் இல்லை என்று எழுதிக்கொண்டேன். அப்போது எங்கள் வீட்டில் இரண்டு எருமைகள் இருந்தன. பால் சங்கத்து அட்டை தந்தையார் பெயரில் இருந்தது. பணமும் அவர் பெயரில் வந்தது. எருமைகளின் பக்கம் அவர் போனதை நான் பார்த்ததே இல்லை. என் ஆசிரியர் பயிற்சிக்கு அந்தப் பால் பணம் கட்டணமாகப் போயிற்று. பயிற்சியில் ஊதியமில்லா உழைப்பைப் பற்றிய புதுச் சொற்களைக் கேட்டுவிட்டு வந்த மறு வாரமே, அதே உழைப்பில் படித்தவனாகிய நான், ‘இல்லை’ என்று எழுதினேன். பத்து ஆண்டு கழித்து, 2001 கையேட்டைப் புரட்டியபோதுதான் இது உறைத்தது.

எங்கள் மீது முழுக் குற்றம் சுமத்தவும் முடியாது. ஒரு கணக்கெடுப்பாளருக்கு 120 முதல் 150 வீடுகள் வரை இருக்கும். பள்ளி வேலையோடு சேர்த்து இருபது நாளில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் வயது, படிப்பு, தாய்மொழி, இடப்பெயர்ச்சி என்று ஆளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகள். தொழில் கேள்வி வரும்போது வெயில் ஏறிவிட்டிருக்கும். பதில் சொல்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். “பொம்பளைங்க வேலைக்கெல்லாம் போவல சார்” என்று அவர் சொன்னால், அதை மறுத்து, மாடு யார் பார்க்கிறார்கள், ஆடு யார் மேய்க்கிறார்கள், களைக்கு யார் போனார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்கு மதிப்பூதியத்தில் இடம் இல்லை.

2011 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை 121 கோடி. அதில் 83 கோடிப் பேர் கிராமங்களில். கள்ளக்குறிச்சி பிரியாதிருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றுக்கு 85 பேர் கிராமத்தவர். நாடு முழுவதும் தொழில் செய்வோர் நூற்றுக்கு 39.8, ஆண்களில் 53.3, பெண்களில் 25.5. மீதி அறுபது பேரும் சும்மா இருப்பவர்கள் என்று அந்தச் செய்தியில் பேசியவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த அறுபதில் தொட்டில் குழந்தையும் உண்டு, பத்தாம் வகுப்பு மாணவியும் உண்டு என்பதை முதலில் கழித்துவிட வேண்டும். அதன் பிறகும் ஒன்று கவனிக்கத்தக்கது. தொழில் செய்வோராக எழுதப்பட்ட ஏறத்தாழ 15 கோடிப் பெண்களில் 6 கோடிப் பேர் 183 நாள் கோட்டுக்குக் கீழே நிற்கிறார்கள், நூற்றுக்கு நாற்பது. ஆண்களில் இது நூற்றுக்குப் பதினெட்டுதான். பெண்கள் வேலை செய்ய மறுத்ததால் வந்த வேறுபாடு அல்ல இது. எங்கள் பக்கம் அறுவடை இயந்திரம் வந்த பிறகு, தை மாதத்தில் பெண்களுக்கு இருந்த பதினைந்து இருபது நாள் அறுப்பு வேலை அடியோடு போயிற்று. களையெடுப்புக்கு மட்டும் இன்னும் கைதான் வேண்டும். ஆகவே வேலை இருக்கும் வாரத்தில் ஆள் போதவில்லை, ஆள் இருக்கும் மாதத்தில் வேலை இல்லை. நிலத்துக்காரரின் புலம்பலும் கணக்கெடுப்பின் புள்ளிவிவரமும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே நிலைமையைத்தான் காட்டுகின்றன.

வேலையே செய்யவில்லை என்று சொல்வதற்கு அச்சமும் ஒரு காரணம். ஆடு மேய்க்கும் மூதாட்டி, வேலை செய்வதாகச் சொன்னால் முதியோர் உதவித்தொகை நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறார். நடுவயதுப் பெண் மகளிர் உரிமைத்தொகையை நினைத்துக்கொள்கிறார். எல்லாரையும்விட அதிகம் அஞ்சுபவர் வாய்மொழிக் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிரிடுபவர். கணக்கெடுப்பின் இலக்கணப்படி குத்தகைக்கோ விளைச்சலில் பங்குக்கோ பயிரிடுபவரும் சாகுபடியாளரே. நிலத்தை விட்டுவிட்டுச் சென்னையில் இருப்பவர் சாகுபடியாளர் அல்லர். ஊரில் நடப்பது நேர்மாறு. நிலத்துக்காரர் தன்னை விவசாயி என்கிறார். பயிரிடுபவர், நிலத்துக்காரர் காதுக்கு எட்டினால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று எண்ணி, “கூலிதான் சார்” என்கிறார். 2001-இல் 12.73 கோடியாக இருந்த சாகுபடியாளர் எண்ணிக்கை 2011-இல் 11.88 கோடியாகக் குறைந்தது என்றும், விவசாயத் தொழிலாளர் 10.68 கோடியிலிருந்து 14.43 கோடியாகப் பெருகினர் என்றும் படிக்கும்போது, அந்தப் போக்கு உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எங்கள் ஊரில் நான் அறிந்த குத்தகைக்காரர் சிலர் அந்தப் பதினான்கு கோடியில்தான் இருக்கிறார்கள். 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இங்கே சொன்னதை யாரும் பார்வையிட முடியாது, நீதிமன்றத்தில் சான்றாகவும் கொள்ள முடியாது என்று காப்பளிக்கிறது. இந்த ஒரு செய்தியை ஊர்தோறும் தண்டோராப் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான் பணியாற்றிய மூன்று முறையும் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை, நானும் சொன்னதில்லை.

கணக்கெடுக்கும் மாதமும் எங்களுக்கு உதவுவதில்லை. பிப்ரவரியில்தான் ஆட்கள் ஊரில் இருப்பதில்லை. பொங்கல் முடிந்ததும் சில குடும்பங்கள் பிள்ளைகளோடு திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விடுகின்றன. திரும்புவது மழைக்கு முன்னால். கரும்பு வெட்டுக்குப் போவதும் பிப்ரவரியில்தான். கணக்கெடுப்புக் காலம் முழுவதும் ஊரில் இல்லாதவரை அந்த ஊரில் எழுதக் கூடாது என்பது விதி. போன இடத்தில் எழுத வேண்டும். சூளையில் கூரை வேய்ந்த குடிசைக்கு யார் போய் எழுதினார்கள் என்பதை இங்கிருந்து நான் அறிய வழி இல்லை. 2011-இல் ஒரு தெருவில் அடுத்தடுத்துப் பூட்டிய வீடுகளைக் கண்டு, அவற்றைக் கடந்து போகும்படி நானே என் கணக்கெடுப்பாளரிடம் சொன்னேன். விதிப்படி அது சரி. ஊருக்கு ஒரு வரியாக வெளியிடப்படும் பட்டியலில் எங்கள் ஊர் மக்கள்தொகை அந்த அளவுக்குச் சுருங்கியது.

இப்போது அந்தப் பூட்டிய வீடுகளோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கிறது. செய்யாறு பக்கத்து ஷூ கம்பெனிக்கு எங்கள் வட்டாரத்துப் பெண்களை ஏற்றிக்கொள்ள விடியுமுன் பேருந்து வருகிறது. இருபது இருபத்தைந்து வயதுப் பெண்கள் அதில் போகிறார்கள். இளைஞர்களில் பலர் ஒரகடத்திலும் சென்னையிலும். களைக்கு ஆள் இல்லை என்னும் நிலத்துக்காரர், இந்தப் பேருந்து வந்து நிற்கும் நேரத்தில் ஒரு நாள் சாலைக்கு வந்து பார்க்கலாம். மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் தரும் இடத்தை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஐம்பது நாள் மட்டும் தேவைப்படும் களையெடுப்புக்காக அவர்கள் காத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. என் பேத்தியாக இருந்தால் நான் பேருந்தில் ஏற்றித்தான் விடுவேன். வயலில் எஞ்சியிருப்பவர்கள் ஐம்பதைக் கடந்த பெண்கள். வேலை செய்யாதவர்கள் என்று எழுதப்படுவோரும் பெரும்பாலும் அவர்களே.

இடையே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராமம் கணக்கெடுப்பு நகரம் ஆக மூன்று நிபந்தனைகள் உண்டு: 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற நெருக்கம், முதன்மைத் தொழிலாளரில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயமல்லாத தொழிலில் இருத்தல். இந்த மூன்றாவதில் ஆண்களை மட்டுமே எண்ணுவார்கள். ஓர் ஊரின் பெண்கள் எல்லாரும் தொழிற்சாலைக்குப் போனாலும், ஆண்கள் ஏர் பிடித்துக்கொண்டிருக்கும் வரை அது கிராமம்தான். எங்கள் ஊர் நகரமாகப் போவதில்லை என்பதால் எனக்கு இதில் சொந்த வழக்கு எதுவும் இல்லை. ஆனால் எந்த உழைப்பை வைத்து ஊரின் தன்மை முடிவு செய்யப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ நாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. சாதி விவரமும் எழுதப்படும் என்பதால் எங்கள் டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி வரை அதைப் பற்றியே பேச்சு. அது பேசப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பேச்சில் தொழில் கேள்வியை ஒருவரும் எடுத்துப் பேசியதாக நான் அறியேன். இம்முறை தாளுக்குப் பதிலாகக் கைபேசி. மக்கள் தாங்களே இணையத்தில் பதிவு செய்யவும் வசதி உண்டு. இந்த வசதியைக் குறித்துத்தான் எனக்குக் கவலை. எங்கள் ஊரில் இதைச் செய்யக்கூடியவர் வெளியூரில் இருக்கும் மகன். அவர் நல்லெண்ணத்தோடு, பத்து நிமிடத்தில், அம்மாவுக்கு நேரே இல்லத்தரசி என்று தொட்டுவிட்டு அனுப்பிவிடுவார். 1991-இல் திண்ணையில் உட்கார்ந்து நான் செய்ததை, அவர் அறையில் உட்கார்ந்து செய்வார்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். “வேலை செய்கிறாரா?” என்ற ஒற்றைக் கேள்வியைப் பெண்களைப் பொறுத்தவரை கேட்கவே கூடாது. போன ஆடியில் என்ன செய்தீர்கள், தையில் என்ன, கோடையில் என்ன, மாடு கன்று உண்டா, சாணம் அள்ளுவது யார் என்று பருவம் பருவமாகக் கேட்க வேண்டும். செயலியிலேயே இந்த வரிசையை வைத்துவிடலாம், கூட்டலை அது பார்த்துக்கொள்ளும். வீட்டில் பெண் இருக்கும்போது அவரைப் பற்றிய பதிலை அவரிடமே பெற வேண்டும். உதவித்தொகைக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு இல்லை என்பதை அரசு ஊராட்சி அலுவலகத்தின் சுவரில் எழுதி வைக்க வேண்டும்; தண்டோரா இப்போது இல்லை, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ இருக்கிறது. கணக்கெடுப்பாளராகப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு நாளாவது, அட்டவணையை நிரப்பும் பயிற்சியாக இல்லாமல், கேள்வி கேட்கும் பயிற்சியாக அமைய வேண்டும். செங்கல் சூளைகளையும் கரும்புக் கொட்டகைகளையும் தனிப் பகுதியாக ஒதுக்கி ஆள் அனுப்ப வேண்டும்.

183 நாள் என்ற கோடே சரியா என்பது தனி விவாதம். ஊரக வேலை உறுதிச் சட்டம் குடும்பத்துக்கு 100 நாள் என்றது. 2025 டிசம்பரில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 125 நாள் என்கிறது. அரசே சட்டம் போட்டு உறுதியளிக்கும் வேலை முழுவதையும் ஒருவரே செய்து முடித்தாலும், அதை மட்டும் வைத்து அதே அரசின் கணக்கில் அவர் முதன்மைத் தொழிலாளர் ஆக முடியாது. கோட்டை மாற்றினால் பழைய கணக்கோடு ஒப்பிட முடியாமல் போகும் என்று வல்லுநர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. கோடு இருக்கட்டும். அதற்கு மேலே நிற்க வேண்டியவர்களை மேலேயே எழுதினால் போதும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். 2027 பிப்ரவரிக்கு முன்னால், தொழில் தொடர்பான கேள்விகளையும் எவையெல்லாம் வேலையாகக் கொள்ளப்படும் என்ற விளக்கத்தையும் எளிய தமிழில் ஒரு பக்கத்தில் வெளியிட்டால், எங்கள் ஊர் நூலகத்திலும் பால் சங்கத்திலும் ஒட்டிவைக்கிறேன். மாட்டைப் பார்ப்பது ஒரு வேலையா என்று என்னைக் கேட்ட அந்த அம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். தினமும் இரண்டு வேளை பால் ஊற்ற அங்கேதான் வருகிறார்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்,
செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.